மிதவை விமானத்தோடு ஏழு ஆண்டுகள்: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

வரும் செப்டம்பரோடு எங்கள் விமானத்துக்கு எங்களிடம் ஏழு வயது. கிட்ஃபாக்ஸ், இரண்டு இருக்கை, மேல் இறக்கை, 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். வாங்கிய மறு வருடம் சக்கரமும் சேர்ந்த மிதவைகளைப் பொருத்தினோம். அதாவது புல் ஓடுதளத்திலும் இறங்கும், அணைநீரிலும் இறங்கும். இதுவரை 390 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

"எங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் தூத்துக்குடியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக வேலைக்கு வந்தவன். விமானத்தில் பாதிப் பங்கு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு மாமாவுக்கு. ரத்த உறவு இல்லை, கோவிலில் பழக்கம். கார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74. அவருடைய அப்பா டர்பன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தவர். 1937 முதல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் பறக்கும் படகுகள், அதாவது தண்ணீரில் இறங்கும் பெரிய விமானங்கள், இங்கே வந்து இறங்கின. போர்க்காலத்தில் டர்பனிலிருந்து கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாக சிட்னி வரை குதிரைலாட வடிவில் ஒரு பாதையே இருந்தது. அந்தப் படகுகள் துறைமுகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியதை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மாமா. சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பனில் ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனில் உட்கார்ந்து, வடக்கே வெர்ஜீனியா விமான நிலையத்தில் ஏறி இறங்கும் சின்ன விமானங்களைப் பார்ப்பாராம். "பாக்கலாம் தம்பி, கிட்டப் போக முடியாது. கடற்கரையையே நிறத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருந்த காலம்" என்பார். சட்டம் மாறி, கையில் பணமும் சேர்ந்தபோது இதய நோய் வந்துவிட்டது, மருத்துவச் சான்று கிடைக்கவில்லை. அதனால் ஓட்டுவது நான், இன்ஜினைக் காதுகொடுத்துக் கேட்பது அவர்.

நான் பறக்கக் கற்றது அதே வெர்ஜீனியாவில், செஸ்னா 172-இல். கடலை ஒட்டியே ஓடுதளம். இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ கரையோடு வீசும். ஓடுதளமும் அந்தத் திசையிலேயே இருப்பதால் புதியவர்களுக்குக் கொஞ்சம் எளிது. தென்னாப்பிரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வுகள் தனி. எனக்கு 62 மணி நேரம் ஆனது. வேலைக்கு நடுவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் பாதி நேரம் பழையதை நினைவுபடுத்தவே சரியாகப் போகும். முடிந்தால் பணத்தை முதலில் சேர்த்துக்கொண்டு, வாரம் மூன்று நாள் என்று தொடர்ந்து பறந்து முடித்துவிடுங்கள்.

தண்ணீருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அங்கே பிரேக் கிடையாது. இன்ஜின் உயிர் பெற்ற நொடியிலிருந்து விமானம் நகர்ந்துகொண்டே இருக்கும், விட்டால் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது மிதவைகளின் பின்னால் உள்ள சின்ன நீர்ச் சுக்கான்களால் விமானத்தைத் திருப்பலாம். மேலெழும்பும் முன் அவற்றைத் தூக்கிவிட வேண்டும். முழு விசை கொடுத்ததும் மூக்கு நிமிர்ந்து முன்னால் ஒன்றும் தெரியாது. சில நொடிகளில் விமானம் தன் அலை மேலேயே ஏறி, மிதவையின் அடியில் இருக்கும் படியில் நின்று வழுக்க ஆரம்பிக்கும். முதல் முறை அது என் இடுப்பில் தெரிந்தபோது மாமாவின் அப்பா பார்த்தது என்னவென்று புரிந்தது.

பயப்பட வேண்டியது அலைக்கு அல்ல, அசையாத தண்ணீருக்கு. விடிகாலையில் கண்ணாடி போலக் கிடக்கும் அணையில் உயரம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கரையை ஒட்டி வந்து, கொஞ்சம் விசை வைத்து, நிமிடத்துக்கு 150 அடி என்ற கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தானாக வந்து தொடும்வரை கையைக் கட்டுப்படுத்துவது கடினம். இதைப் பயிற்சியாளரோடு இருபது முறையாவது செய்யாமல் தனியாகப் போகாதீர்கள்.

சக்கரம் சேர்ந்த மிதவையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சக்கரம் கீழே இருக்கும்போது தண்ணீரில் இறங்கினால் விமானம் தலைகுப்புறக் கவிழும். இறக்கைத் தாங்கியில் கண்ணாடி மாட்டியிருக்கிறோம், விளக்கும் உண்டு. அதோடு நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்வோம்: "தண்ணி, சக்கரம் மேலே." தரை என்றால் "தரை, சக்கரம் கீழே." ஒருவர் சொல்ல, மற்றவர் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழு வருடத்தில் ஒருமுறை மாமா திருப்பிச் சொல்லாமல் என் கையைப் பிடித்தார். சக்கரம் கீழே இருந்தது. இறங்காமல் மேலே ஏறி ஒரு சுற்று சுற்றினேன். அன்று வீட்டுக்கு வரும்வரை இருவரும் அதிகம் பேசவில்லை.

அடுத்தது எடை. வாங்கும் முன் எனக்கு யாரும் சரியாகச் சொல்லாத விஷயம் இது. எங்கள் விமானத்தின் அதிகபட்ச எடை 703 கிலோ. மிதவைகளோடு வெறும் எடை 465. நாங்கள் இருவரும் சேர்ந்து 165. மிச்சம் 73 கிலோ. டேங்க் நிறைய 100 லிட்டர் பெட்ரோல் ஊற்றினால் அதுவே 72 கிலோ. சாப்பாட்டுப் பையை வைக்கக்கூட இடமில்லை. அதனால் பாதி டேங்குக்கு மேல் ஊற்றுவதே இல்லை.

இதோடு உயரமும் வெயிலும் சேரும். நாங்கள் போகும் அணை, டர்பனிலிருந்து உள்ளே தள்ளி மேட்டு நிலமான மிட்லாண்ட்ஸ் பகுதியில் ஒரு பண்ணையாரின் சொந்த அணை. அவர் அனுமதியோடுதான் இறங்குகிறோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர். 30 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்று 6,000 அடி உயரத்துக் காற்று போல மெலிந்துவிடும். இன்ஜின் தன் சக்தியில் ஆறில் ஒரு பங்கை இழக்கும். குளிர்ந்த காலையில் 15 நொடியில் எழும்பும் விமானம் வெயிலில் அரை நிமிடம் ஓடியும் தண்ணீரை விடாது. ஜனவரியில் காலை ஒன்பதுக்குள் பறந்து முடித்துவிடுவோம். மதியத்துக்கு மேல் டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கமிருந்து இடிமழை வரும் என்பதும் ஒரு காரணம். குளிர்காலத்தில் மழை இல்லாமல் அணை வற்றும், கரையோரம் பாறை தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிதவைகளைக் கழற்றிச் சாதாரணச் சக்கரத்துக்கு மாற்றிவிடுகிறோம். ஒரு முழு நாள் வேலை.

கரைக்கு அருகிலுள்ள தாழ்வான அணைகளில் எழும்புவது எளிது. ஆனால் அங்கே ஆகாயத்தாமரை சுக்கானில் சுற்றிக்கொள்ளும், தண்ணீரில் இறங்கி நடந்தால் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வரலாம். எனக்கு ஒருமுறை வந்து மாத்திரை சாப்பிட்டேன். இப்போது ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்குவதில்லை.

இன்ஜின் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. மணிக்கு 18 முதல் 20 லிட்டர் குடிக்கும், பங்க் பெட்ரோலே போதும். ஆனால் 95 ஆக்டேன் தான் ஊற்ற வேண்டும். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் 93-உம் விற்பார்கள், கவனம். எண்ணெய் அளவு பார்க்கும் முன் இக்னிஷனை அணைத்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்குள் களக்களக் என்று சத்தம் வந்த பிறகுதான் அளவுக் குச்சி சரியாகக் காட்டும். ரப்பர் குழாய்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், 2023-இல் மாற்றினோம். செலவு கொஞ்சம் வலித்தது, ஆனால் பழைய குழாய்களை வெட்டிப் பார்த்தபோது உட்புறம் வெடிப்பு விட்டிருந்தது.

முதல் இரண்டு வருடம் விமானத்தைக் கடலோர ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வைத்திருந்தது என் தவறான முடிவு. கடல்நீரில் ஒருநாளும் இறக்கியதில்லை. உப்புக்காற்றே போதும், ரிவெட் தலைகளில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. மிட்லாண்ட்ஸுக்கு மாற்றிய பிறகு நின்றது. இறக்கைகளை மடக்கலாம் என்பதால் அங்கே பாதி ஹேங்கர் வாடகைதான்.

மிதவைகள் ஒழுகும். எல்லா மிதவைகளும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஒவ்வொரு மிதவையும் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும், ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மூழ்காது. பறக்கும் முன் ஒவ்வோர் அறையையும் கைப்பம்பால் இறைக்க வேண்டும். நான்காம் வருடம் ஒரு பட்டறையில் வேலைக்கு விட்டு எடுத்த பிறகு வலது மிதவை ஒரே இரவில் சாய்ந்து கிடந்தது. அடைப்பு ரப்பரை மாற்றாமலே மூடியிருந்தார்கள். அன்று முதல் மாமா ஒவ்வோர் அறைக்கும் பம்பை எத்தனை இழுப்பு இழுத்தோம் என்று நோட்டில் எழுதி வைக்கிறார். எந்த அறையில் எண் கூடுகிறதோ அதைத் திறந்து பார்ப்போம். இந்த நோட்டு எங்களுக்குப் பல செலவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

வேகம் வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள், காரிலேயே சீக்கிரம் போய்விடலாம். நடக்கும் தூரத்தில் தண்ணீரும், செலவைப் பாதியாகப் பகிர ஒரு நல்ல பங்காளியும் இருந்தால் வாங்குங்கள். நான் மறுபடியும் இதையேதான் வாங்குவேன்.

மாமாவின் பேத்திக்கு ஜனவரியில் 16 வயது முடிந்தது, மாணவ விமானி உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் பம்பு அடிக்கும்போது தாத்தா சொல்லிக்கொடுத்தபடி தமிழில்தான் எண்ணுகிறாள். போன சனிக்கிழமை இடது மிதவையின் மூன்றாம் அறையில் பதினொன்று வரை போனாள். வழக்கமாக நாலுதான் வரும். இந்த வாரம் அந்த மூடியைத் திறக்க வேண்டும்.