சிபேப் மெஷின் ஓகே, மாஸ்க்தான் நம்மள வெச்சு செய்யுது

ஸ்லீப் அப்னியாக்கு, அதாவது தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கிற பிரச்சனைக்கு, டாக்டர் எழுதிக் குடுத்த ஆட்டோ சிபேப் மெஷின் (மாஸ்க் வழியா அழுத்தத்தோட காத்து விடுறது) கொஞ்ச மாசமா ஓடிட்டு இருக்கு, அதோட செட்டா வந்த மாஸ்க், அப்புறம் மாத்துன மாஸ்க் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் இந்த ரிவ்யூ. வாங்கப் போறவங்க எல்லாரும் எந்த மாடல் நல்லது, சத்தம் வருமா, ஆப் இருக்கான்னுதான் தேடுறாங்க. அதெல்லாம் ரெண்டாவதுங்க. மூஞ்சில மாட்டுற அந்த சிலிக்கான் குஷன் சரியா உக்காரலன்னா எவ்ளோ பெரிய மெஷினா இருந்தாலும் பீரோ மேலதான் தூங்கும், நாம தூங்க மாட்டோம்.

எனக்கு ஸ்லீப் ஸ்டடில, அதாவது தூங்கும்போது மூச்சக் கவனிக்கிற டெஸ்ட்ல, ஏஹெச்ஐ 41 வந்துச்சு, அதாவது மணிக்கு சராசரியா 41 தடவ மூச்சு நிக்குது இல்லன்னா நல்லா குறையுது. 5க்கு கீழ இருந்தா நார்மல், 5லேர்ந்து 15 லேசு, 30 வரைக்கும் மீடியம், அதுக்கு மேல சிவியர். தூக்கத்துல தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதைய அடைச்சுக்குது, மெஷின் காத்த ஒரு அழுத்தத்துல விட்டுக்கிட்டே இருந்து அந்த வழிய மூட விடாம பாத்துக்குது, அவ்ளோதான் வேல. நெறைய பேரு ஆக்சிஜன் குடுக்குதுன்னு நினைக்கிறாங்க, இல்ல, ரூம்ல இருக்கிற அதே காத்துதான். 1981ல ஆஸ்திரேலியால காலின் சல்லிவன்னு ஒரு டாக்டரும் அவர் டீமும் இத முதல்ல வெளியிட்டாங்க, மெஷின் சின்னதாயிடுச்சே தவிர ஐடியா இன்னிக்கும் அதேதான்.

மெஷினப் பத்தி சீக்கிரம் சொல்லிடுறேன். சத்தம் ஃபேன் சத்தத்த விட கம்மி. சத்தம் வந்தா அது பெரும்பாலும் மெஷின் இல்ல, மாஸ்க்ல எங்கயோ லீக். ஃபில்டர் மாத்துறது ஈஸி. காலைல ஸ்க்ரீன்ல எத்தன மணி நேரம் யூஸ் பண்ணோம், லீக் எவ்ளோ, ஏஹெச்ஐ எவ்ளோன்னு காட்டும், எனக்கு இப்பல்லாம் 2, 3ன்னு வருது.

ஆனா ஆரம்பத்துல ஒரு கூத்து. ப்ரஷர் 4லேர்ந்து 20 வரைக்கும் போகும் (தண்ணி சென்டிமீட்டர் கணக்குல), தேவைக்கு ஏத்த மாதிரி மெஷினே ஏத்தி இறக்குற ஆட்டோ மோடுங்கறதால மினிமம் 4ல வெச்சுக் குடுத்தாங்க, புதுசா இருக்கிறவங்களுக்கு மெதுவா இருக்கட்டும்னு. மாட்டுனா மூச்சு முட்டுது, காத்தே பத்தல, பிச்சு எறிஞ்சுடலாமான்னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னதும் அவர் மினிமத்த 7 ஆக்கினாரு, அதிகம் பண்ணா இன்னும் கஷ்டமா இருக்குமேன்னுதான் தோணும் ஆனா அன்னிக்கு நைட்டே அந்த முட்டல் போச்சு. கூடவே மூச்சு விடும்போது ப்ரஷர கொஞ்சம் இறக்குற செட்டிங்கும் ஆன் பண்ணி விட்டாங்க. இதெல்லாம் நீங்களே மெனுக்குள்ள போய் நோண்டாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுப் பண்ணுங்க, ஆனா கண்டிப்பா கேளுங்க, கேக்காம யாரும் தானா வந்து மாத்தி விட மாட்டாங்க.

இப்ப மாஸ்க்குக்கு வரேன். செட்டோட வந்தது மூக்கு வாய் ரெண்டையும் மூடுற ஃபுல் ஃபேஸ். வாய் வழியா மூச்சு விடுறவங்களுக்கு அது தேவைதான், ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு மூக்கு அடைப்பு கிடையாது, மீசை தாடி வேற இருக்கு, திரும்பிப் படுத்தா கண்ணு ஓரத்துல புஸ்ஸுனு காத்து, காலைல கண்ணு செவந்து வறண்டு போய் கிடக்கும். மாஸ்க் குடுத்த ஆளு கிட்ட போன்ல சொன்னா "ஸ்ட்ராப்ப நல்லா டைட் பண்ணுங்க சார், பழகிடும்" இதே பதில்தான் ஒவ்வொரு தடவயும். டைட் பண்ணா லீக் ஜாஸ்திதான் ஆகும்! குஷனோட விளிம்பு மெல்லிசு, காத்து உள்ள போய் அது உப்பி முகத்தோட ஒட்டணும், அமுக்கிட்டா எங்க உப்பும், மூக்குத் தண்டுல தழும்புதான் மிச்சம்.

சரியா மாட்டுற விதம் இதுதான், கிளினிக்ல ஒரு டெக்னீஷியன் அம்மா காட்டினாங்க. உக்காந்துட்டு இல்ல, படுத்துட்டு மாட்டணும், ஏன்னா படுத்தா கன்னம் தாடையெல்லாம் வேற எடத்துக்குப் போயிடுது. மெஷின் ஓடும்போதே மாஸ்க்க லேசா முன்னாடி இழுத்து குஷன்ல காத்து நிரம்ப விட்டு அப்படியே மெதுவா திரும்ப வைக்கணும், அப்புறம் ஸ்ட்ராப்ப ரெண்டு பக்கமும் சமமா, லீக் நிக்கிற அளவுக்கு மட்டும். அதே அம்மாதான் எனக்கு மூக்க மட்டும் மூடுற நேசல் மாஸ்க், அதுவும் ஒரு சைஸ் சின்னதா குடுத்துப் பாக்கச் சொன்னாங்க. அதுல தூங்குனதுக்கு அப்புறம்தான் தூக்கம்னா என்னன்னு தெரிஞ்சுது, மத்தியானம் சேர்ல தலை தொங்குறது போயே போச்சு.

மாஸ்க்கோட முன்பக்கம் குட்டிக் குட்டி ஓட்டை இருக்கும், அதுலேர்ந்து எப்பவும் காத்து வரும், அது லீக் இல்ல, நாம விடுற கரியமில வாயு வெளிய போற வழி. "ஏங்க, ஊதுறது எல்லாம் என் கழுத்துல வருதுங்க"ன்னு வீட்ல சத்தம், அதுக்காக டேப் கீப் ஒட்டிடாதீங்க, நாம அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா முடிஞ்சுது. இன்னொன்னு, சில மாஸ்க்ல காந்த கிளிப் வருது, உங்களுக்கோ பக்கத்துல படுக்கிறவங்களுக்கோ பேஸ்மேக்கர் மாதிரி உடம்புக்குள்ள எதாச்சும் வெச்சிருந்தா காந்தம் இல்லாததக் கேட்டு வாங்குங்க.

காத்த ஈரமாக்குற தண்ணி டேங்க், அதான் ஹ்யூமிடிஃபையர், இல்லாம வாங்காதீங்க, தொண்டை காஞ்சு போயிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, சாதா தண்ணின்னா டேங்க்ல வெள்ளையா படியும். ரூம் குளிரா இருந்தா ட்யூப்புக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு நடு ராத்திரில களக் களக்னு சத்தம் வந்து மூக்குல சொட்டும், சூடாகுற ட்யூப் வாங்குனா அது நின்னுடும், இல்ல ட்யூபுக்கு துணி உறை போடுங்க, மெஷின கட்டில விட தாழ்வா வைங்க. வயித்துல காத்து போய் உப்புசமா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ப்ரஷர்ல பாத்து சரி பண்ணலாம். மாஸ்க் மாட்டுனாலே படபடன்னு வர்றவங்க பகல்ல டிவி பாக்கும்போது சும்மா போட்டுட்டு உக்காருங்க, மூஞ்சி பழகிக்கும்.

மெஷினுக்கு 4 ஸ்டார். செட்டோட வந்த மாஸ்க்குக்கு 1, அதுவும் குஷன் கழுவ ஈஸியா இருந்ததுக்கு. நேசல் மாஸ்க்குக்கும் 4தான், 5 குடுத்திருப்பேன், ஸ்ட்ராப்போட எலாஸ்டிக் இதுக்குள்ளயே லூசாகி வெல்க்ரோ முடி முடியா பிரிஞ்சு வருது, ஸ்ட்ராப்ப மட்டும் தனியா குடுங்கன்னா முழு செட்டா வாங்குங்கன்றாங்க.