செல்டா விளையாட்டை எந்த வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம்?

நின்டெண்டோ நிறுவனத்தின் ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாட்டின் பெட்டியை அமெரிக்காவில் வாங்கினால் 10 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும், அதையே ஐரோப்பாவில் வாங்கினால் 12 என்று இருக்கும். ஆட்டம் ஒன்றுதான், காட்சிகளும் ஒன்றுதான். அமெரிக்கத் தர வாரியமான ஈ.எஸ்.ஆர்.பி. கற்பனை வன்முறை, மதுப் பயன்பாடு, மெல்லிய பாலியல் சாயல் என்று மூன்று காரணங்களைச் சொல்கிறது. இவ்வளவையும் படித்த பிறகும், ‘என் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா’ என்று கேட்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ விடை கிடைப்பதில்லை. என் மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6. முதலில் நானே இதை ஆடி முடித்தேன். பிறகு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ஆடுவதைப் பல மாதங்கள் பார்த்தேன். அந்த அனுபவத்தில் எனக்குப் பட்டது இதுதான்: இந்த ஆட்டத்தில் உள்ள வாள்வீச்சைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டியது குறைவு, அதில் உள்ள பயத்தைப் பற்றி யோசிக்க வேண்டியது அதிகம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிங்க் என்ற இளைஞன் 100 ஆண்டுத் தூக்கத்திலிருந்து விழிக்கிறான். அவன் தூங்கிய காலத்தில் ஹைரூல் நாடு பாழாகிவிட்டது. கேனான் என்ற தீய சக்தி அரண்மனையைப் பிடித்து வைத்திருக்கிறது. இளவரசி செல்டா தனியொருத்தியாக அதை அங்கேயே கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறாள். லிங்க் வலிமை சேர்த்துக்கொண்டு அரண்மனைக்குப் போக வேண்டும். எப்போது போவது, எந்த வழியாகப் போவது, இடையில் என்ன செய்வது என்பதையெல்லாம் ஆடுபவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள். 2017 மார்ச் 3 அன்று, நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்த அதே நாளில் வெளியான ஆட்டம் இது. செல்டா வரிசையின் முதல் ஆட்டம் 1986இல் வந்தது. கியோட்டோ மாநிலத்தின் சோனோபே என்ற ஊரில் சிறுவனாகக் காடு மேடு சுற்றி, குகைகளுக்குள் நுழைந்து பார்த்த நாட்களின் நினைவிலிருந்தே அந்த முதல் ஆட்டம் பிறந்தது என்று அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். அந்த வேர் இந்த ஆட்டத்திலும் தெரிகிறது. ஒரு மணி நேரம் ஆடினால் சண்டை கால் மணி நேரம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் நடை, மலையேற்றம், சமையல், புதிர் என்றே போகும்.

இனி சண்டையைக் கிட்டத்தில் பார்ப்போம். பாறை இடுக்கில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி நான்கு போகோப்ளின்கள் குறட்டை விட்டுத் தூங்குகின்றன. பன்றி மூக்கும் பெரிய காதும் கொண்ட குட்டி அரக்கர்கள் அவை. என் மகன் முதல் தடவை கையில் இருந்த மரக்கிளையோடு ஓடிப்போய் அடித்தான். இரண்டு அடியில் கிளை முறிந்தது, மூன்று அரக்கர்கள் விழித்துக்கொண்டன, லிங்கின் உயிரைக் காட்டும் இதயக் குறிகள் மூன்றும் தீர்ந்தன. இரண்டாம் தடவை குன்றின் மேலேறி ஒரு பாறையை உருட்டிவிட்டான். அது குறி தவறிப் போனது. மூன்றாம் தடவை, அவை தூங்கும்போதே பூனைபோல் போய், சாய்த்து வைத்திருந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். விழித்த அரக்கர்கள் வெறுங்கையோடு திகைத்து நின்றன. அடிபட்டுச் சாகும் அரக்கன் கறுத்துப்போய், புகையாக வெடித்து மறைகிறது. கொம்போ பல்லோ மட்டும் தரையில் கிடக்கிறது. இரத்தம் ஒரு துளிகூட இல்லை, வெட்டுக் காயம் இல்லை, பிணமும் இல்லை. அரக்கர்களின் குடலும் சில சமயம் கிடைக்கும்; அதைத் தவளை, பல்லியோடு சேர்த்துக் காய்ச்சினால் மருந்தாகும். பிள்ளைகள் இதை ‘ஐயே’ என்று சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

மனிதர்களை அடிப்பது பற்றித்தான் நான் முதலில் கூர்ந்து பார்த்தேன். ஊர்களில் இருப்பவர்கள் மீது லிங்க் வாளை வீசினாலும் அவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. வழிப்போக்கர் வேடத்தில் வந்து திடீரென்று தாக்கும் யீகா கூட்டத்தார் மட்டுமே மனித உருவில் உள்ள எதிரிகள். அவர்களும் தோற்றால் இறப்பதில்லை. வாழைப்பழத்தைக் கீழே போட்டுவிட்டுப் புகையில் மாயமாகிவிடுகிறார்கள். யீகா கூட்டத்துக்கு வாழைப்பழ ஆசை அதிகம் என்பதால், அவர்களுடைய குகைக்குள் பழத்தை வைத்துக் காவலர்களைத் திசைதிருப்பிவிட்டு நகரும் ஒரு கட்டமும் உண்டு. மானையோ காட்டுப்பன்றியையோ அம்பெய்தால் அது உடனே ஓர் இறைச்சித் துண்டாக மாறிவிடும். சைவக் குடும்பங்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் வேட்டையே இல்லாமல் காளான், பழம், கிழங்கு, புல் வெட்டும்போது கிடைக்கும் அரிசி ஆகியவற்றைக் கொண்டே லிங்கைக் காப்பாற்றிவிட முடியும். மசாலாப் பொடியையும் அரிசியையும் ஒரே சட்டியில் போட்டால் கறிச் சோறு வரும் என்பதைக் கண்டுபிடித்த நாளில் என் மகள் அடைந்த மகிழ்ச்சி, அண்ணன் எந்த அரக்கனை வீழ்த்தியபோதும் அடையாத மகிழ்ச்சி.

ஆயுதங்கள் உடைந்துபோவதைப் பலர் இந்த ஆட்டத்தின் குறையாகச் சொல்வார்கள். ஒரு தாயாக நான் அதை மாற்றிச் சொல்வேன். நல்ல வாள் ஒன்று கையில் இருந்தால், அதை இந்த அரக்கன் மேல் செலவழிப்பது தகுமா என்று பிள்ளை கணக்குப் போடத் தொடங்குகிறது. சண்டைக்கு ஒரு விலை இருக்கிறது, சுற்றிக்கொண்டு போவதும் சரியான முடிவுதான் என்பதை இந்த ஆட்டம் அறிவுரை சொல்லாமலே உணர்த்திவிடுகிறது. அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கலாம் என்ற வகை ஆட்டங்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. அதே சமயம், ஆசையாகச் சேர்த்து வைத்த வாள் கண்ணெதிரே நொறுங்கும்போது 6, 7 வயதுப் பிள்ளை அழுவதும் உண்மை. எளிய நிலை என்று தேர்ந்தெடுக்கும் வசதி இந்த ஆட்டத்தில் கிடையாது. தனியாக விற்கப்படும் கூடுதல் தொகுப்பில் இருப்பதோ இதைவிடக் கடினமான நிலை. தோல்வியைத் தாங்கிக்கொண்டு மறுபடி முயலும் பக்குவம் வராத பிள்ளைக்கு இந்தக் கடினம் சுமையாகிவிடும்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கும் பீடபூமியின் கிழக்கே இடிந்த ஆலயம் ஒன்று இருக்கிறது. பாசி படிந்த பெரிய கற்சட்டிகளைக் கவிழ்த்து வைத்ததுபோல் சில இயந்திரங்கள் அங்கே கிடக்கின்றன. கார்டியன் என்பது அவற்றின் பெயர். அவற்றில் சில உண்மையிலேயே செயலற்றவை. சில அப்படித் தோற்றமளிப்பவை. மகன் ஒன்றைத் தட்டிப் பார்த்தான், அசையவில்லை. அடுத்ததை நோக்கி நடந்தான். அது விழித்தது. ஒற்றைக் கண் ஒளிர்ந்தது, லிங்கின் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது, பதறியடிக்கும் பியானோ இசை எழுந்தது. மகன் கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டான். எந்த அரக்கனையும் கண்டு அவன் அப்படிச் செய்ததில்லை. ‘அம்மா, அது என்னையே பாக்குது’ என்று மட்டும் சொன்னான். அடி விழும் என்ற அச்சத்தை அவன் தாங்கினான். ஒன்று தன்னையே குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற அச்சம்தான் அவனைக் கலக்கியது. வன்முறை என்ற சொல்லுக்குள் இந்த நடுக்கம் அடங்காது.

இரண்டு வாரம் கழித்து அவன் அதே இடத்துக்குத் திரும்பப் போனான். கையில் வைத்திருந்தது ஒரு பாத்திர மூடி. அதைக் கேடயமாகப் பிடித்து, கார்டியனின் கண்ணிலிருந்து கதிர் பாயும் நொடியில் சரியாகத் தள்ளினால் அந்தக் கதிர் கார்டியன் மேலேயே திரும்பிப் பாயும். ஐந்தாறு முறை தோற்றபின் அது அவனுக்குக் கைகூடியது. அன்று அவன் முகத்தைப் பார்த்தபோது, இந்த ஆட்டத்தை அவனுக்குக் கொடுத்தது சரிதான் என்று எனக்கு உறுதிப்பட்டது. பயந்த இடத்துக்குத் தானாகத் திரும்பிப் போகும் வயதை எட்டிய பிள்ளைக்கு இது பொருந்தும். மகளிடம் அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை. இரவில் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் எலும்புக்கூடுகள், தலை விழுந்த பின்னும் உடல் தன் தலையைத் தேடித் தடவும் காட்சியோடு, இரண்டு இரவுகள் அவள் தூக்கத்தில் வந்தன. அதற்குப் பிறகு ஆட்டத்தில் இருட்டத் தொடங்கினால் அருகிலுள்ள விடுதிக்குப் போய் லிங்கைத் தூங்க வைத்துவிட வேண்டும் என்பதை வீட்டு விதியாக வைத்தோம். ‘இரத்த நிலா’ என்ற காட்சியையும் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவ்வப்போது நள்ளிரவில் வானம் செந்நிறமாகி, பொறிகள் பறந்து, வீழ்த்திய அரக்கர்கள் எல்லாம் உயிர்த்தெழுகின்றன. முதல் முறை பக்கத்தில் யாராவது இருப்பது நல்லது; பிறகு பொத்தானை அழுத்திக் கடந்துவிடலாம்.

துயரமும் இந்தக் கதையில் உண்டு, அதைப் பற்றி எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை. நாட்டைக் காக்கப் போன நான்கு வீரர்கள் 100 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியான மிஃபா, நீரில் வாழும் சோரா இனத்தின் இளவரசி. அவளுடைய தகப்பனும் தம்பியும் இன்றும் இருக்கிறார்கள். அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் சாவுக்கு லிங்கைக் குறைசொல்லும் முதியவர்களும் அங்கே இருக்கிறார்கள். ‘மிஃபா திரும்பி வரவே மாட்டாளா?’ என்று மகன் கேட்டான். வரமாட்டாள் என்றேன். அந்தப் பேச்சு அவனுடைய தாத்தாவைப் பற்றிய பேச்சாக நீண்டது. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யும் துயரமாக நான் இதைக் கருதவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச வீட்டில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

ஈ.எஸ்.ஆர்.பி. சொல்லும் மற்ற இரண்டு காரணங்கள், மதுவும் பாலியல் சாயலும், சிறியவை. பெண்கள் மட்டும் வாழும் கெருடோ நகரில் ஒரு மதுக்கடை இருக்கிறது. ஆண்களுக்கு அனுமதியில்லாத அந்த நகருக்குள் நுழைய லிங்க் பெண் உடை அணிகிறான். ‘பெரிய தேவதைகள்’ என்ற பாத்திரங்களின் ஆடையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சலாக இருக்கும். என் பிள்ளைகள் இவற்றைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மொழியைப் பற்றி நம் வீடுகளில் கட்டாயம் யோசிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் தமிழ் இல்லை. முக்கியமான கதைக் காட்சிகளில் மட்டுமே குரல் ஒலிக்கும்; மீதிப் பேச்செல்லாம் எழுத்தாகத்தான் வரும். ஆங்கிலத்தை வேகமாகப் படிக்க முடியாத பிள்ளை, யார் எங்கே போகச் சொன்னார்கள் என்பது புரியாமல் சண்டையிடுவதோடு நின்றுவிடும். அப்போது இந்த ஆட்டத்தின் நல்ல பாதி அதற்குக் கிடைக்காமலே போய்விடும். 120 சிற்றாலயங்களில் உள்ள புதிர்கள் பெரும்பாலும் எழுத்தின் உதவி இல்லாமலே விளங்குபவை என்பதால், மகளுக்கு நாங்கள் அவற்றை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தோம். கன்ட்ரோலரைக் கையில் சாய்த்து, ஒரு பந்தைச் சிக்கலான பாதையில் உருட்டிக்கொண்டு போகும் புதிரை அவளும் அவள் பாட்டியும் சேர்ந்து முடித்தார்கள்.

நிறுத்துவது எவ்வளவு எளிது என்பது என் கணிப்பில் வயதுக்கு ஈடான கேள்வி. இது தனியாள் ஆட்டம். முன்பின் தெரியாதவர்களோடு பேச்சு இல்லை. ‘என் அணி காத்திருக்கிறது’ என்ற சாக்கும் இல்லை. கருவியின் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அந்த நொடியிலேயே உறைந்து நிற்கும். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். ஆட்டத்துக்குள் காசு கேட்கும் பெட்டிகள் இல்லை. மேலே சொன்ன கூடுதல் தொகுப்பு ஒன்றுதான் செலவு, அதுவும் இல்லாமல் கதை முழுமையாக முடியும். நேர வரம்பு வைக்க நின்டெண்டோ தரும் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியில், நேரம் முடிந்ததும் மணி மட்டும் அடிக்கச் செய்யலாம், ஆட்டத்தையே நிறுத்தவும் செய்யலாம். நாங்கள் மணியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆனாலும் இந்த ஆட்டத்தின் கவர்ச்சி எல்லை இல்லாதது. ஒரு மலையில் ஏறினால் அடுத்த மலையில் ஏதோ மின்னும். ‘அது மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்ற வேண்டுகோளை நீங்கள் தினமும் கேட்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சிற்றாலயம், அதோடு ஊர்க்காரர்கள் லிங்கிடம் கேட்கும் வேலைகளில் ஒன்று என்று அளவு வைத்தது எங்களுக்கு உதவியது. இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் கருவியில் ஆளுக்கொரு கணக்கு கட்டாயம் திறந்து வையுங்கள். முதல் ஸ்விட்சுக்கு வந்த பதிப்பில் வழக்கமான நிலையில் ஒரு கணக்குக்கு ஒரு பயணம்தான் சேமிக்கப்படும், தங்கை தெரியாமல் புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அண்ணனின் மாதக்கணக்கான உழைப்பு அழிந்துபோகலாம்.

ஆகவே, ஆங்கிலம் தடையில்லாமல் படிக்கும், இருட்டைக் கண்டு அதிகம் அஞ்சாத 10 வயதுப் பிள்ளைக்கு இதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். 8, 9 வயதில் பெரியவர் அருகில் இருந்தால் போதும். அதற்குக் கீழே, பெரியவர் கையில் கன்ட்ரோலர் இருக்க, பிள்ளை வழி சொல்லட்டும்.

இதன் தொடர்ச்சியாக 2023 மே 12 அன்று வந்த ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ விளையாட்டையும் மகன் கேட்கத் தொடங்கிவிட்டான். அதன் பெட்டியிலும் இதே 10, இதே 12தான் அச்சாகியிருக்கின்றன. ஆனால் அந்தக் கதை உலர்ந்த பிணம் ஒன்று கண் திறப்பதில் தொடங்குகிறது. நிலத்துக்கு அடியில் வெளிச்சமே இல்லாத ஓர் உலகம் அதில் விரிகிறது; உள்ளங்கையில் கண் பதித்த சிவந்த கைகள் கூட்டமாகத் தரையில் ஊர்ந்து துரத்தி வருகின்றன. அந்தக் கைகளை முதல் முறை பார்த்தபோது நானே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அவனுக்கு 11 முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.