ஹெட்போனா, ஸ்பீக்கரா: பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு போடும் கணக்கு

கையில் இருக்கும் தொகைக்கு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குவதா, ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குவதா? இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பெரும்பாலானவை முதல் வாரம் கேட்ட ஒலியை வைத்துச் சொல்லப்படுபவை. சில ஆண்டுகள் புழங்கினால் கணக்கு மாறும். ஹெட்போனில் கொடுத்த காசு ஏறக்குறைய முழுதாகக் காதுக்கு வந்து சேர்கிறது. ஆனால் அதன் பஞ்சும் கேபிளும் பேட்டரியும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கரில் பாஸ் என்ற தாழ்ந்த ஒலியின் பெரும்பங்கை அறைதான் தீர்மானிக்கிறது. அறை ஒத்துழைத்தால், அந்த ஜோடி பல ஹெட்போன்களின் ஆயுளைத் தாண்டி உழைக்கும்.

துல்லியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரிய ஹெட்போன்களில் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலியை எழுப்பும் உறுப்பு) ஒன்றே முழு அலைவரிசையையும் பார்த்துக்கொள்கிறது. ஒலியைப் பல டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் கிடையாது, அறையின் எதிரொலி கிடையாது, காதுக்கும் டிரைவருக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான். தம்புராவின் ஒரு தந்தியை மீட்டினால் மேலே அடுக்கடுக்காக எழும் இழைகள், பாடுபவர் மூச்சை இழுக்கும் இடம், தனித்தனியாகப் பதிந்த இரண்டு டேக்குகளை ஒட்டிய தையல் எல்லாம் நடுத்தர விலை ஹெட்போனிலேயே தெரிந்துவிடும். ஸ்பீக்கரில் இதே தெளிவு வேண்டுமென்றால் சில மடங்கு செலவழிக்க வேண்டும். பெட்டி, தாழ்ந்த ஒலிக்கான வூஃபர், உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர், கிராஸ்ஓவர், ஒலிக்குச் சக்தி கூட்டும் ஆம்ப், ஸ்டாண்ட் என்று காசு பல இடங்களுக்குப் பிரிந்து போவதுதான் காரணம். நுணுக்கம் மட்டும்தான் அளவுகோல் என்றால் ஹெட்போன் வெல்கிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இசை விரிந்து நிற்கும் இடம் என்று வரும்போது நிலைமை தலைகீழ். நேர்முகத்திலிருந்து 30 டிகிரி விலகி நிற்கும் இடது ஸ்பீக்கரின் ஒலியை வலது காதும் கேட்கிறது, ஏறக்குறைய கால் மில்லிசெகண்ட் தாமதமாக. ட்ரெபிள் என்ற உயர்ந்த ஒலிப் பகுதியைத் தலையும் கொஞ்சம் மறைக்கிறது. பாடகர் எதிரே நிற்பதாக மூளை முடிவு கட்டுவது இந்தத் தாமதத்தையும் மறைப்பையும் வைத்துத்தான். ஹெட்போனில் இடது சேனல் இடது காதுக்கு மட்டும் போகிறது. அதனால் பாடகர் மண்டைக்குள் உட்கார்ந்துவிடுகிறார். தாள வாத்தியம் முழுக்க ஒரு பக்கம், குரல் முழுக்க மறுபக்கம் என்று பிரித்து வைத்த 1960களின் ஸ்டீரியோ பதிவுகளை ஹெட்போனில் தொடர்ந்து கேட்டால் தலை கனக்கும். இதற்குக் கிராஸ்ஃபீட், அதாவது ஒரு சேனலின் ஒலியைக் கொஞ்சம் மறு காதுக்கும் கலந்துவிடும் வசதி, கைகொடுக்கும். 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல் என்ற அளவில் தொடங்கிப் பாருங்கள். பழைய பதிவுகளுக்கு இது நல்ல நிவாரணம். புதிய பதிவுகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. எப்படிச் செய்தாலும் ஸ்பீக்கர் தரும் முன்மேடை கிடைக்காது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடியை மார்பு உணர்வதும் ஹெட்போனில் இல்லை. அங்கே பாஸ் காதோடு நின்றுவிடுகிறது.

வெளிப்புறம் மூடாத திறந்த வகை ஹெட்போன்களில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிவது வழக்கம். இதை ஈக்யூவில், அதாவது அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில், ஓரளவு சரிக்கட்டலாம். 105 ஹெர்ட்ஸில், கீழ்ப்பகுதி ஒலியை மொத்தமாக ஏற்றும் லோ ஷெல்ஃப் ஃபில்டர் வைத்து 4 முதல் 5 டெசிபல் ஏற்றுங்கள். கூடவே ப்ரீஆம்ப் அளவை (மொத்த ஒலி அளவை) அதே 5 டெசிபல் இறக்கியாக வேண்டும். இறக்காவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும், பழி ஹெட்போன் மேல் விழும். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

ஆம்ப் விஷயத்தில் இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் மலைப்பானது. சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) 300 ஓம், ஒலி 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல். போனில் சொருகும், 1 வோல்ட் தரும் சிறிய டாங்கிள் அதற்குக் கொடுப்பது சுமார் 3.3 மில்லிவாட்தான். அன்றாடக் கேட்புக்கு அது தாராளம். 110 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் 4.5 வோல்ட் தரும் ஆம்ப் தேவை. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு வருவோம். 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 8 டெசிபல் போய்விடும். இரண்டாவது ஸ்பீக்கரும் அறையின் பிரதிபலிப்பும் சேர்ந்து நாலைந்து டெசிபல் திருப்பித் தரும். ஆக 1 வாட்டுக்குச் சுமார் 82 டெசிபல். நன்றாகப் பதிவான இசையில் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் எகிறுவது சாதாரணம். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு சக்தி என்பதால், சராசரி அந்த 82 டெசிபலாக இருந்தாலே உச்ச நொடிகளுக்கு 100 வாட் கேட்கும். 20 வாட் ஆம்பை முறுக்கினால் அது உச்சங்களை வெட்டும். வெட்டப்பட்ட அலையில் உயர் அலைவரிசைச் சக்தி கூடிப்போய் ட்வீட்டர் சூடேறி எரிந்துபோகலாம். பெரிய ஆம்ப் மட்டுமல்ல, எல்லை மீறி ஓட்டிய சின்ன ஆம்பும் ட்வீட்டரை எரிக்கலாம்.

ஓம் பொருத்தமும் ஒன்று உண்டு. ஹெட்போனின் இம்பீடன்ஸ், ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப்போல் குறைந்தது எட்டு மடங்கு இருக்கட்டும். 32 ஓம் ஹெட்போனை 30 ஓம் அவுட்புட்டில் சொருகினால், பல மாடல்களில் பாஸ் ஊதிப் பெருத்துவிடும். ஸ்பீக்கர் வயருக்கு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போகவர இரண்டு இழையும் சேர்த்து 0.12 ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பீக்கர் வாங்கியவர்களின் ஏமாற்றத்துக்கு முக்கியக் காரணம் அறை. 4 மீட்டர் நீள அறையில் சுவர்களுக்கிடையே மோதித் தேங்கி நிற்கும் முதல் நிலையலை 43 ஹெர்ட்ஸில், அடுத்தது 86 ஹெர்ட்ஸில் வரும். நீளத்தின் சரிபாதியில் நாற்காலி போட்டால் 43 காணாமல் போகும், 86 முழங்கும். அப்படியே பின்சுவரை ஒட்டி நகர்ந்தால் இரண்டுமே வீங்கும். ஒரே பாட்டை ஓடவிட்டு அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள். ஓர் இடத்தில் பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் வயிற்றில் இடிக்கும். இரண்டு அடி நகர்ந்தால் அதே சுரங்கள் வற்றிப்போயிருக்கும். ஸ்பீக்கர் மாறவில்லை, ஆம்பும் மாறவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜோடி ஜோடியாக மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு.

ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள இடைவெளி இன்னொரு பொறி. பெட்டியின் முன்முகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. 86 ஹெர்ட்ஸில் அது நேர் ஒலியோடு எதிரெதிராக மோதிப் பள்ளம் விழும். 40 சென்டிமீட்டர் என்றால் பள்ளம் 214 ஹெர்ட்ஸில், ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடத்தில். சுவரோடு நன்றாக ஒட்டி வைப்பதும் சரி, 1 மீட்டருக்கு மேல் தள்ளி வைப்பதும் சரி. இரண்டுக்கும் நடுவே வைப்பதுதான் மோசம். பின்பக்கத் துளை உள்ள பெட்டியை ஒட்டி வைக்கும்போது மட்டும் துளையில் பஞ்சுச் செருகியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இது. இரண்டு ஸ்பீக்கரும் உட்காரும் இடமும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் நிற்கட்டும். நாற்காலியை அறை நீளத்தில், ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கும் முன்சுவரிலிருந்து, 38 சதவீதத்தில் போட்டுத் தொடங்கி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாஸ் சமமாகக் கேட்கும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ குரல் பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் நட்டநடுவில் ஊசிபோல் நிற்க வேண்டும். நிற்காமல் பரந்து கிடந்து, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கத்தில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிப்போயிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகப் பக்கச் சுவரில் ஒருவர் கண்ணாடியை நகர்த்த, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ட்வீட்டர் எந்த இடத்தில் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே புத்தக அலமாரியோ கனத்த திரையோ வந்தால் ட்ரெபிளின் கூச்சல் அடங்கும். ஒரு அங்குல ஃபோம் தட்டுகளை ஒட்டிப் பாஸைச் சரிசெய்ய முடியாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கே 86 சென்டிமீட்டர் நீளம்.

இதற்குமேல் மீதமிருக்கும் வீக்கங்களை ஒலியை அளக்கும் மைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருளும் வைத்து அளந்து ஈக்யூவில் வெட்டலாம். மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். அங்கே எவ்வளவு ஊற்றினாலும் எதிரொலியும் அதே அளவு ஏறித் தின்றுவிடும். ஆம்பின் சக்திதான் வீணாகும்.

தேய்மானத்துக்கு வருவோம். நீண்டநாள் மதிப்பை முடிவு செய்வது இதுதான்.

ஹெட்போனில் முதலில் போவது இயர்பேட். செயற்கைத் தோல் பேட் வியர்வையில் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெடிக்கத் தொடங்கும். முதலில் உள்விளிம்புத் தையலோரம் மெல்லிய கீறல், பிறகு காதிலும் கழுத்திலும் ஒட்டும் கறுப்புச் செதில்கள். வெல்வெட் பேட் வெடிக்காது, ஆனால் அமுங்கும். இதைத் தோற்றப் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறார்கள். பேட் சில மில்லிமீட்டர் அமுங்கினாலே டிரைவர் காதை நெருங்கி ஒலி மாறிவிடுகிறது. மூடிய ஹெட்போனில் கன்னத்தோடு சேரும் அடைப்பு கசிந்தால் பாஸ் கழன்றுவிடும், மூக்குக் கண்ணாடியின் காதுக்கம்பி செய்வதும் அதையேதான். மாற்றம் மாதக்கணக்கில் மெதுவாக நடப்பதால் காது பழகிவிடும். புதிய பேட் போட்ட அன்றுதான் எவ்வளவு இழந்திருந்தோம் என்பது தெரியும். தயாரிப்பாளரின் அதே பேட்டையே வாங்குங்கள். தடிமனும் உள்துளையும் துணியும் மாறினால் அது வேறு ஹெட்போன் ஆகிவிடும். நாலைந்து ஜோடி வாங்கிப் பெட்டியில் பத்திரப்படுத்துவதும் பயனில்லை. பாலியுரேத்தேன் செயற்கைத் தோல் பயன்படுத்தாமலே காற்றின் ஈரத்தில் சிதையும்.

கேபிள் உடைவது பெரும்பாலும் ஜாக்குக்குப் பக்கத்தில் வளையும் இடத்தில். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடலை வாங்கினால் இது பழுதே அல்ல, உதிரி மாற்றம்.

ப்ளூடூத் ஹெட்போன்களின் ஆயுள் பேட்டரியோடு கட்டப்பட்டது. முந்நூறு முதல் ஐந்நூறு முழுச் சார்ஜ் சுற்றுகளில் அதன் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகிவிடும். பசையால் ஒட்டிய சிறிய இயர்பட்களைத் திறக்க வழியில்லாமல் தூக்கிப் போடத்தான் வேண்டியிருக்கிறது. வாங்கும்முன் ஒன்றைச் சோதியுங்கள்: சுவிட்சை அணைத்துவிட்டு வயர் சொருகினால் பாடுகிறதா? சில மாடல்கள் பேட்டரி செத்தால் வயரிலும் ஊமை. பாடும் மாடல்களிலும் உள்ளிருக்கும் டிஜிட்டல் ஈக்யூ அணைந்துபோவதால் ஒலி மங்கலாகவோ கூர்மையாகவோ மாறும். வெளிச்சத்தம் மிகுந்த பயணங்களுக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் மிகவும் உதவும், ஏனெனில் சத்தத்தைக் கூட்டாமலே கேட்க முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ஆனால் காலங்காலமாக வைத்துக் கேட்கும் பொருளாக அந்த ஹெட்போனை நினைத்து வாங்காதீர்கள்.

ஸ்பீக்கரின் கணக்கு நிதானமானது. ரப்பர் விளிம்புள்ள வூஃபர் பல பத்தாண்டுகள் நிற்கும். ஃபோம் விளிம்பு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடியாகும், ஆனால் அதை மாற்றிவிடலாம். பழைய ஃபோமையும் பசையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, புதிய விளிம்பை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிட வேண்டும். அடுத்து இரும்புச் சட்டத்தில் ஒட்டும்போது 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் ஓட்டினால், கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயில் நடுவில் நிற்கிறதா என்பது தெரியும், உரசினால் சரசரப்புக் கேட்கும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் பவர் சப்ளையின் கண்டென்சர்கள் சூட்டில் வெந்து போவது வழக்கமான நோய். அந்த மின்சுற்றுப் பலகைக்கு உதிரி நின்றுவிட்டால் நல்ல வூஃபரும் ட்வீட்டரும் இருந்தும் பெட்டி மூலைக்குப் போகும். தனி ஆம்ப், பாஸிவ் ஸ்பீக்கர் என்ற பழைய ஏற்பாட்டில் எது பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கவும் முடியும்.

ஆகவே சுவரிலிருந்து தள்ளி வைக்கவும் முக்கோணம் அமைக்கவும் இடமிருந்தால், பாஸிவ் ஸ்பீக்கருக்குக் காசு போடுங்கள். மேசையிலோ பொது அறையின் மூலையிலோ திணிக்கத்தான் முடியும் என்றால், அதே காசுக்கு உதிரி கிடைக்கும் வயர் ஹெட்போனே நியாயம். பழையது வாங்குவதும் இரண்டிலும் நல்ல வழிதான். ஹெட்போன் என்றால் மோனோ ஒலியைப் போட்டு இரு பக்கமும் சமமா என்று பாருங்கள், ஜாக்குப் பக்கம் கேபிளை அசைத்துப் பாருங்கள், புது பேட் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். ஸ்பீக்கர் என்றால் முன்வலையைக் கழற்றி வூஃபர் கூம்பை நான்கு விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசல் கேட்டால் வேண்டாம். பிறகு ஒவ்வொரு ட்வீட்டரிடமும் காதை வைத்து ஒலி வருகிறதா என்று கேளுங்கள். வூஃபர் மட்டும் பாடும் ஸ்பீக்கர் தூரத்திலிருந்து கேட்டால் வெறும் மங்கலாகத்தான் தெரியும்.