பிள்ளையை ஆடிஷனுக்கு அனுப்பும் முன் எந்தப் படம்?

கோடை விடுமுறை வந்தால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடன வகுப்பு, பாட்டு வகுப்பு எல்லாம் நிரம்பிவிடும். டிவி நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளையோடு சென்னைக்குப் பஸ் ஏறும் பெற்றோரும் உண்டு. அந்த உலகில் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய ஆபத்தைப் புரியவைக்க அவர்களுக்கு ஒரே ஒரு ஆவணப்படம் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவது?

‘லீவிங் நெவர்லேண்ட்’ (2019) எல்லோருக்கும் தெரிந்த பெயர். சிறுவர்களாக இருந்தபோது தங்களிடம் பாடகர் மைக்கேல் ஜாக்சன் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று இரண்டு பேர் சொல்லும் குற்றச்சாட்டு, ஏறக்குறைய 4 மணி நேரம். புகழைப் பார்த்துத் தாய்மார்கள் மயங்கிப்போனதைச் சொல்லும் இடங்கள் அருமை. ஆனால் ஜாக்சன் 2009-லேயே இறந்துவிட்டார், அவர் தரப்பு எல்லாவற்றையும் மறுக்கிறது. பேச்சு ரசிகர் சண்டையாகத்தான் முடியும். அதற்கு நம் ஊரில் பஞ்சமா? வேண்டாம்.

2023-ல் பிபிசி எடுத்தது ஜப்பானின் ஜானி கிடகாவாவைப் பற்றி. பையன்களைச் சேர்த்துப் பாட்டுக்குழு ஆக்கியவர். அவர்களிடம் அத்துமீறினார் என்று ஒரு வாரப் பத்திரிகை 1999-லேயே எழுதியது. 2003-ல் டோக்கியோ உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்புறமும் டிவிக்காரர்கள் வாயே திறக்கவில்லை, அவருடைய பையன்கள் வராவிட்டால் நிகழ்ச்சி ஓடாதே! 2019-ல் சகல மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். படம் வந்த பிறகுதான் அவருடைய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வகுப்பு நடத்துபவர்களும் உள்ளூர் நிருபர்களும் பார்க்க வேண்டியது இது.

பெற்றோருக்கு என்றால் என் ஓட்டு ‘குவயட் ஆன் செட்’ (2024) தொடருக்கு. அதிலும் மூன்றாம் பகுதி போதும். மற்ற பகுதிகளில் பழைய சிறுவர் தொடர்களின் கொச்சைக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் நிக்கலோடியன் என்ற சிறுவர் சேனலின் சிறுவர் நடிகர் டிரேக் பெல். அவரிடம் வசனப் பயிற்சியாளர் பிரையன் பெக் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று அப்பா முன்பே எச்சரித்தார், யாரும் காது கொடுக்கவில்லை. பெக் அப்பாவையும் மகனையும் பிரித்தார், மகனின் மேலாளர் பொறுப்பும் அப்பாவின் கையைவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் பாலியல் கொடுமை நடந்தது. 2004-ல் பெக்குக்கு 16 மாதச் சிறை. பிரபலங்கள் சிலர் நீதிபதிக்கு எழுதிய கடிதங்கள் அவருக்கு ஆதரவாக! வெளியே வந்ததும் மறுபடி சிறுவர் தொடரிலேயே வேலை.

படம் முடிந்ததும் நம் விதிகளையும் சொல்லிவிட வேண்டும். 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிப்படி, குழந்தைக் கலைஞரை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். அதை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.