உடம்பு சரியில்லாமல் விமானப் பயணம் ரத்தானால்: காப்பீடா, மருத்துவச் சான்றா?

நாளை விமானம், இன்று டெங்கு. ரத்துக் கட்டணத்திலிருந்து தப்ப இரண்டு வழி: டிக்கெட்டோடு எடுத்த பயணக் காப்பீடு, அல்லது டாக்டர் சான்றோடு விமான நிறுவனத்திடமே கேட்பது.

செலவு: காப்பீட்டுக்கு முன்கூட்டியே பிரீமியம், நலமாகப் போய்வந்தால் அது போனதுதான். சான்றுக்கு டாக்டர் ஃபீஸ் மட்டும்.

உறுதி: காப்பீட்டில் எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோயைப் பல பாலிசிகள் விலக்கிவிடும். அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். விமான நிறுவனமோ இரக்கப்படலாம், கைவிரிக்கலாம். பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல்லும் (அதே நிறுவனத்தில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் இருப்பு) தரலாம்.

அலைச்சல்: இரண்டுக்கும் ஒன்றுதான். சான்றில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தேதிவரை பயணம் கூடாது என்பதும் வேண்டும். விமானம் கிளம்பும் முன்பே ரத்து செய்துவிடுங்கள்.

சென்னை–மதுரை மலிவு டிக்கெட்டுக்குச் சான்றே போதும். வயதானவர்களோடு குடும்பமாக வெளிநாடு என்றால் காப்பீடுதான் சரி.

அப்புறம், டிக்கெட் ‘நான்-ரீஃபண்டபிள்’ (ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை) என்றாலும் வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. கேட்டு வாங்குங்கள்.