வீல் நட் கழற்ற இம்பாக்ட் ரெஞ்ச்: மூன்று வருஷம் ஆன பிறகு

தடதடவென்று அடித்து நட்டைத் திருப்பும் இந்த பேட்டரி மெஷினை வாங்கும்போது, நான் பார்த்தது பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) எண்ணை மட்டும்தான். அது கழற்றும் பக்கம் அதிகபட்சமாக வரும் விசை, இறுக்கும் பக்கம் அவ்வளவு வராது என்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

பல கார்களில் வீல் நட்டை இறுக்கச் சொல்லியிருப்பது 90 முதல் 130 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் துருவேறி, போதாததற்கு யாரோ காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னால் இறுக்கித் தள்ளிய நட்டு அந்தக் கணக்குக்கெல்லாம் மசியாது.

என்னுடையது 18 வோல்ட், பிரஷ்லெஸ் மோட்டார், அரை இன்ச் முனை, நடுத்தர ரகம். கூடவே வந்த 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் நாலு நட்டு மளமளவென்று வந்தது. ஐந்தாவதில் பத்து விநாடி தடதடவென்று அடித்தும் அசையவில்லை. மெஷினைத் திட்டிக்கொண்டே, டிரில்லில் இருந்த 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினேன். இரண்டே விநாடி. சத்தம் சட்டென்று லேசானது, நட்டின் மேல் மாட்டும் சாக்கெட்டுக்குள் நட்டு சுழன்றது. மோட்டார் கேட்ட கரண்டைச் சின்ன பேட்டரியால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் வீட்டில் ஏற்கெனவே டிரில் இருந்தால், அதே பேட்டரி பொருந்துகிற மெஷினையே பாருங்கள்.

சாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பளபளக்கிற குரோம் சாக்கெட் இந்த அடியில் விரிசல் விட்டுத் தெறிக்கலாம். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் இதற்கு. அலாய் வீல் என்றால் பிளாஸ்டிக் உறை போட்டது. நடுவில் நீளமான எக்ஸ்டென்ஷன் மாட்டினால் அடியில் பாதி அதிலேயே போவதுபோல் இருக்கும். சாவி போட்டுக் கழற்றும் லாக் நட்டில் மெஷினை வைக்கவே மாட்டேன், அந்தச் சாவி உடைந்தால் பெரிய தலைவலி.

இரண்டாம் வருஷம் ஒரு நாள் மழை தூற ஆரம்பித்த அவசரத்தில், நட்டை மெஷினாலேயே ஏற்றினேன். மரை கோணலாகப் பிடித்து, நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. இப்போது கையால் நாலு சுற்று, ஜாக்கியை இறக்கிவிட்டு எதிரெதிர் நட்டாக, சொன்ன அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச். மெஷின் கழற்ற மட்டும்.

இன்னும் எரிச்சல் தருவது விளக்கு. டிரிக்கருக்கு மேலே வைத்திருக்கிறார்கள். வேண்டிய இடத்தில் சாக்கெட்டின் நிழல்தான் விழுகிறது. ராத்திரியில் செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை.