உடைந்த பல் கேப்: ஒட்டுவதா, மாற்றுவதா?

பொங்கலுக்குக் கரும்பைக் கடித்தபோது அம்மாவின் முன்பல் பிரிட்ஜில் (ஒன்றாக இணைத்த பல் உறைகள், அதாவது கேப்கள்) பீங்கான் ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்துவிட்டது. சத்துவாச்சாரியில் முதலில் பார்த்த டாக்டர் மூன்று பல்லையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொன்னார். காட்பாடியில் பார்த்தவர், "காம்போசிட் வெச்சு ஒட்டிடலாம்மா" என்றார். பல் நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் போன்ற பூச்சுதான் காம்போசிட். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எது எப்போது சரி என்பதுதான் கேள்வி.

மாற்றுவதில் பெரிய நன்மை, முழுக்கப் பீங்கான் கிடைப்பது. டீ, வெற்றிலைக் கறை அதில் அவ்வளவாகப் பிடிக்காது, பளபளப்பும் நிற்கும். ஆனால் பழைய பிரிட்ஜை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அடியில் இருக்கும் பல் அதைத் தாங்குமா என்பது எடுக்கும்போதுதான் தெரியும். அப்புறம் அளவெடுப்பு, லேப், இரண்டு மூன்று நடை, செலவு.

ஒட்டுவது பெரும்பாலும் ஒரே நடையில் முடியும். அதன் பலம் பசையில் இல்லை, ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலையில் இருக்கிறது. வழவழப்பான பீங்கானில் காம்போசிட் சும்மா பிடிக்காது. ஹைட்ரோஃபுளோரிக் அமில ஜெல் பீங்கானில் உள்ள கண்ணாடிப் பகுதியை அரித்து நுண்குழிகள் உண்டாக்கும். அதன்மேல் சைலேன் என்ற இணைப்புத் திரவத்தைத் தடவுவார்கள். அதன் ஒரு முனை பீங்கானின் சிலிக்காவையும் மறுமுனை காம்போசிட்டில் உள்ள ரெசினையும் பிடித்துக்கொள்ளும். பிறகு பாண்டிங் என்ற ஒட்டுத் திரவம், காம்போசிட், அதை இறுக வைக்கும் நீல வெளிச்சம்.

அந்த அமிலம் ஈறில் பட்டால் புண்ணாக்கிவிடும். அதனால் ஈறை மூடும் ரப்பர் ஷீட் மாட்டாமல் அதை வாய்க்குள் வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். அமிலம் வேண்டாம் என்றால் 50 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு தூளைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கலாம். பல்லுக்குப் போடும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் பீங்கானைச் சுத்தம்தான் செய்யும், அரிக்காது. அதை மட்டும் நம்பி ஒட்டினால் சீக்கிரம் கழன்றுவிடும்.

உடைந்த இடத்தில் உலோகம் தெரிந்தால் வேலை கடினம். தூள் பீய்ச்சி, உலோகத்தில் பிடிப்பு வர அதற்கான பிரைமர் தடவி, சாம்பல் நிறம் தெரியாமல் ஒபேக் என்ற மறைப்புப் பூச்சு பூசிய பிறகே காம்போசிட். ஜிர்கோனியா (உலோகம் இல்லாத கெட்டியான வெள்ளைப் பீங்கான் வகை) கேப் என்றால் அதில் அரிக்கக் கண்ணாடியே கிடையாது. அங்கே இந்த அமிலம் வீண். தூளும் எம்டிபி என்ற ஒட்டும் வேதிப்பொருள் கலந்த பிரைமரும்தான் வழி.

என் கணக்கு இது: முன்பல், சின்னச் சில்லு, உலோகம் தெரியவில்லை, அடிப்பல் உறுதி என்றால் முதலில் ஒட்டிப் பார்க்கலாம். கழன்றாலும் திரும்ப ஒட்டலாம், மாற்றும் வழியும் அப்படியே இருக்கும். ஆம்பூர் பிரியாணி எலும்பைக் கடிக்கிற கடைவாய்ப் பல்லில் மேடே உடைந்திருந்தாலோ, கேப் ஆடினாலோ, உள்ளே சொத்தை இருந்தாலோ மாற்றிவிடுவதே நல்லது.

அம்மாவுக்கு ஒட்டினோம். அதற்கு முன் டாக்டர் கலர் பேப்பரைக் கடிக்கச் சொன்னார். கீழ்ப்பல் ஒன்று சரியாக அந்த ஓரத்திலேயே இடித்துக்கொண்டிருந்தது. கரும்பு கடைசி அடிதான் கொடுத்திருக்கிறது. அந்த இடிப்பை லேசாகத் தேய்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் ஜெல்லையே கையில் எடுத்தார்.